தார் தண்ணீரில் கரையாது. தார்ச்சாலை மட்டும் ஏன் மழையில் பெயர்கிறது?

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்துவிட்டால் போதும், சென்னையில் டூவீலர் ஓட்டுபவர்களுக்குப் புது வேலை ஒன்று வந்துவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்த்ததும், அது வெறும் தண்ணீரா, அடியில் குழி இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். முன்னால் போகிற ஆட்டோ துள்ளினால் குழி. துள்ளாவிட்டால் தைரியமாகப் போகலாம். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் மட்டும் நாடு முழுவதும் சாலைக் குழிகளால் 4,446 விபத்துகள் நடந்துள்ளன. 1,856 பேர் இறந்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 5 பேர்.

‘போன மாசம்தானே ரோடு போட்டாங்க, அதுக்குள்ள எப்படிப் பெயர்ந்துச்சு?’ என்று கேட்டால், ‘மழை சார், என்ன பண்றது’ என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்சம் யோசித்தால் இந்தப் பதில் விசித்திரமானது. தார் தண்ணீரில் கரையாது. மொட்டை மாடி ஒழுகினால் தார் ஷீட் ஒட்டுகிறோம். தண்ணீரைத் தடுக்கப் பூசுகிற ஒரு பொருளால் போட்ட சாலை, தண்ணீர் பட்டதும் எப்படிக் கெடும்?

குழி மழையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது விழுமா, விழாதா என்பது பெரும்பாலும் சாலை போட்ட அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

சாலை என்பது தார் அல்ல, கல்

முதலில் ஒரு சின்ன திருத்தம். நாம் ‘தார்’ என்று சொல்வது உண்மையில் பிட்டுமன். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் கெட்டியான கறுப்புப் பொருள். நிலக்கரியிலிருந்து கிடைப்பதுதான் அசல் தார். அதைச் சாலைக்குப் பயன்படுத்துவது எப்போதோ நின்றுவிட்டது. பேச்சு வழக்கில் தார் என்றே நிலைத்துவிட்டதால் இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சாலையின் மேல் அடுக்கில் எடைக் கணக்கில் ஏறக்குறைய 95 சதவீதம் ஜல்லியும் கல்தூளும்தான். தார் வெறும் 5 சதவீதம் சொச்சம். ஒவ்வொரு ஜல்லியின் மேலும் மெல்லிய தோலாகப் படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டவைப்பதுதான் தாரின் வேலை. அந்த அடுக்குக்குக் கீழே இன்னும் கனமான ஒரு தார்க்கலவை அடுக்கு, அதற்கும் கீழே தண்ணீர் தெளித்து இறுக்கிய ஜல்லி அடுக்கு, கடைசியில் மண். நாம் பார்ப்பது மேலே இருக்கும் 3, 4 செ.மீ. மட்டுமே.

ஆகவே ‘சாலை பெயர்ந்தது’ என்றால் தார் கரைந்துவிட்டது என்று பொருள் இல்லை. கல்லை விட்டுத் தார் கழன்றுவிட்டது என்று பொருள். பொறியாளர்கள் இதை ‘ஸ்ட்ரிப்பிங்’ என்கிறார்கள். பெயர்ந்த இடத்திலிருந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பாருங்கள். கறுப்புத் தோல் உரிந்து, கல்லின் சொந்த நிறம் தெரிந்தால் அதுதான் ஸ்ட்ரிப்பிங்.

கல்லுக்குத் தண்ணீர்தான் நெருக்கம்

தாரும் கல்லும் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வலுவில்லாத உறவு. பெரும்பாலான கற்களின் மேற்பரப்பு தாரைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் ஈர்க்கும். தண்ணீர் எப்படியாவது இரண்டுக்கும் நடுவே நுழைந்துவிட்டால், தாரை மெல்ல நகர்த்திவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலிக்கா அதிகம் உள்ள கற்களில் இந்தப் பிரச்சினை கூடுதல். சுண்ணாம்புக்கல் போன்றவற்றில் குறைவு.

சென்னைக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல்லுக்குப் புவியியலில் ‘சார்னோகைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893ல் அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார். பரங்கிமலையில் இந்தப் பாறை இருக்கும் இடம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உடைக்கவே கைவலிக்கிற உறுதியான கல்தான். ஆனால் குவார்ட்ஸ் கலந்த வகை. கல் உறுதியாக இருப்பது ஒரு விஷயம். தாரைப் பிடித்துக்கொள்வது இன்னொரு விஷயம். கட்டடத்துக்கு நல்ல ஜல்லி என்பதாலேயே சாலைக்கும் நல்ல ஜல்லி என்று சொல்லிவிட முடியாது.

கல்லின் குணத்தைவிட, கல்லின் மேல் இருக்கும் தூசி அதிகக் கெடுதல் செய்கிறது. கிரஷரிலிருந்து வரும் ஜல்லியில் தூசி அப்பியிருந்தால் தார் தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. அதேபோல, திறந்த வெளியில் மழையில் நனைந்த ஜல்லியை அவசரமாகச் சூடாக்கிக் கலந்தால், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். தார்த்தோல் உள்ளிருந்தே தளர்ந்துவிடும்.

இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? முடியும், அதுவும் மிக எளிதாக. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6241 என்று ஒரு சோதனை இருக்கிறது. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 24 மணி நேரம் போட்டு வைத்து, எவ்வளவு தார் கழன்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். 95 சதவீதப் பரப்பில் தார் நிலைத்திருக்க வேண்டும் என்கின்றன மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைகள். கண்ணால் பார்த்து மதிப்பிடுவது என்பதால் இதில் கொஞ்சம் ‘பார்த்துச் செய்யலாம்’ என்பதும் உண்மை. அதனால் இன்னொரு சோதனையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தார்க்கலவையில் வில்லைகள் செய்து, பாதியைத் தண்ணீரில் ஊறவைத்து, பாதியை உலர்வாக வைத்து, இரண்டையும் நசுக்கிப் பிளப்பார்கள். ஊறிய வில்லை, உலர்ந்த வில்லையின் பலத்தில் குறைந்தது 80 சதவீதமாவது காட்ட வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டயர் எனும் பம்ப்

சும்மா தேங்கி நிற்கும் தண்ணீர் சாலையைக் கெடுக்க நாளாகும். அதன் மேல் பஸ்ஸும் லாரியும் ஓடும்போதுதான் வேகம் பிடிக்கிறது. லாரி டயரில் காற்றழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். நம் கார் டயரைப் போல மூன்று மடங்கு. நனைந்த சாலையில் அந்த டயர் உருளும்போது, முன்பக்கத்தில் தண்ணீரை விரிசல்களுக்குள் அழுத்துகிறது. கடந்து போகும்போது பின்பக்கம் உறிஞ்சுகிறது. அழுத்து, உறிஞ்சு, அழுத்து, உறிஞ்சு. ஒரு பஸ் தடத்தில் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இது நடக்கும் என்று பாருங்கள். கல்லிலிருந்து தாரை இதைவிட மும்முரமாகச் சுரண்ட முடியாது.

மழை விட்ட மறுநாள் காலையில் சாலையின் விரிசல்களை ஒட்டி வெள்ளையாகவோ பழுப்பாகவோ மாவு போலப் படிந்திருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். மேலே இருந்து வந்த தூசி என்று நினைப்போம். பல நேரம் அது கீழே இருந்து வந்தது. அடி அடுக்குகளில் உள்ள நுண்தூளைத் தண்ணீர் கரைத்து, டயர் அதை மேலே இழுத்திருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் குழி விழவில்லை என்றால், விழப்போகிறது.

சரி, தண்ணீர் உள்ளே போகாமலே தடுத்துவிட்டால்? இங்குதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். தார்க்கலவையில் எப்போதும் கொஞ்சம் காற்று இடைவெளி இருக்கும். ஆய்வகத்தில் வடிவமைக்கும்போது 3 முதல் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த அளவில் இடைவெளிகள் தனித்தனிக் குமிழிகளாக இருக்கும். ஒன்றுக்கொன்று வழி இருக்காது, தண்ணீர் புகாது. இடைவெளி 20 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் பெரிய பிரச்சினை இல்லை. வந்த தண்ணீர் சல்லடையில் ஊற்றியது போல வடிந்துவிடும். வெளிநாடுகளில் வேண்டுமென்றே அப்படிப் போடும் சாலைகள் உண்டு. ஆபத்து இரண்டுக்கும் நடுவில், 8 முதல் 13 சதவீதம் வாக்கில். தண்ணீர் உள்ளே போக வழி இருக்கும், வெளியே வர வழி இருக்காது. சரியாக உருட்டாத சாலைகள் போய் நிற்பது அந்த நடுப்பகுதியில்தான்.

ரோலர் வரும்போது சூடு இருந்ததா?

சூடான கலவையைப் பரப்பி, அது ஆறுவதற்குள் ரோலர் விட்டு இறுக்கினால்தான் காற்று வெளியேறும். ஆறிவிட்டால் எவ்வளவு எடையுள்ள ரோலர் ஓட்டினாலும் பயன் இல்லை. பார்ப்பதற்கு வழவழவென்று இருக்கும், உள்ளே பஞ்சு போல இருக்கும்.

விதிமுறை என்ன சொல்கிறது? நம் ஊரில் பரவலாகப் பயன்படும் வி.ஜி.-30 ரகத் தாருக்கு, கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சாலையில் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி. உருட்டும் வேலை 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும்.

இப்போது சென்னைக்கு வாருங்கள். கலவை ஆலைகள் புறநகரில். டிப்பர் லாரி இரவில்தான் நகருக்குள் வர முடியும். வழியில் மெட்ரோ பணிக்காகத் தடுப்பு, ஒருவழிப் பாதை, நெரிசல். மேலே தார்ப்பாய் போட்டு மூடாமல் வந்தால் கலவையின் மேல் பகுதி ஆறி ஓடு கட்டிவிடும். வந்து சேர்ந்ததும் பேவர் தயாராக இருக்காது, அல்லது ரோலர் அடுத்த தெருவில் இருக்கும். சின்னத் தெருக்களில் 3 செ.மீ. கனத்துக்குப் போடும் அடுக்கு மிக வேகமாகச் சூடு ஆறக்கூடியது. ஒரு தெர்மாமீட்டரைக் கலவையில் குத்திப் பார்க்கும் வேலைதான். இரவு ஒரு மணிக்கு அதை யார் குத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இது சில்லறை விஷயம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பொறியாளர்களின் ஆய்வு ஒன்று 1989ல் வெளியானது. காற்று இடைவெளி 7 சதவீதத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சாலையின் ஆயுள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்றது அது. 11 சதவீதத்தில் விட்டுவிட்ட சாலை, போட்ட இரவிலேயே தன் ஆயுளில் பத்தில் நான்கு பங்கை இழந்துவிட்டது என்று அர்த்தம். அதே ஜல்லி, அதே தார், அதே பணம்.

இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ‘மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்’ என்று செப்டம்பரில் அவசரம் பிடிக்கும். கோடை முழுக்க வடிகால் தோண்டி, கேபிள் புதைத்து, டெண்டர் முடித்து, கடைசியில் சாலைக்குக் கிடைப்பது மேகம் மூடிய சில இரவுகள். மழை வரும் போலிருந்தால், அடி அடுக்கு ஈரமாக இருந்தால், தண்ணீர் தேங்கியிருந்தால் வேலையை நிறுத்து என்பதும் அதே விதிமுறையில் எழுதியிருக்கிறது. ஈரத்தின் மேல் சூடான கலவையைக் கொட்டினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கத் தெளிக்கும் தார்க்குழம்பும் பிடிக்காது. ஒரு மாதத்தில் மேல் அடுக்கு மட்டும் தோசை போலப் பெயர்ந்து வரும் சாலைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

உயர்ந்துகொண்டே போன தெருக்கள்

நன்றாக உருட்டிய சாலையிலும் தண்ணீர் நாள் கணக்கில் நின்றால் தாங்காது. அதனால்தான் சாலை நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரிய வேண்டும் என்கிறார்கள். மழை மிகுந்த இடங்களில் கனமான தார்ச்சாலைக்கு 2 சதவீதச் சரிவு என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. 7 மீட்டர் அகலச் சாலையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 7 செ.மீ. வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நம் தெருவில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால், பல இடங்களில் அந்த 7 செ.மீ. காணாமல் போயிருக்கும். சில இடங்களில் நடுவே பள்ளமாகவும் ஓரம் மேடாகவும் தலைகீழாகவே இருக்கும்.

காரணம், பழைய சாலை மேலேயே புதிய சாலை போடும் பழக்கம். ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. என்றால், ஐந்து முறை போட்டதும் தெரு 20 செ.மீ. உயர்ந்துவிடும். வீட்டு வாசல் பள்ளமாகும், மழைத் தண்ணீர் ஹாலுக்குள் வரும். இதைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். பேசாமல் விட்ட இன்னொரு பக்கம் உண்டு: சாலை உயர்ந்த அளவுக்கு வடிகாலின் வாயும் மேன்ஹோல் மூடியும் உயர்வதில்லை, அல்லது மேன்ஹோலைச் சுற்றி மட்டும் கிண்ணம் மாதிரிப் பள்ளம் விட்டுவிடுவார்கள். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். டயர் ஏறி இறங்கும். முதல் குழி அங்கேயே பிறக்கும்.

2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு, மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்கே புதிய சாலை போட வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டார். ‘மில்லிங்’ என்று இதைச் சொல்கிறார்கள். நல்ல உத்தரவு, பல தெருக்களில் பலனும் தெரிகிறது. ஆனால் சுரண்டிய பிறகு சாலையை உடனே மூடாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அதுவே கெடுதலாகிவிடும். சுரண்டிய பரப்பு முழுக்க வரிவரியாகத் திறந்த பள்ளங்கள், அதில் ஒரு மழை பெய்தால் அடியில் இருக்கும் நல்ல அடுக்கும் ஊறிப்போகும். சரளைக் கல்லில் வண்டி வழுக்கி விழுபவர்கள் கணக்கு தனி.

தண்ணீர் மேலே இருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். கசியும் குடிநீர்க் குழாய், நிரம்பிய கழிவுநீர்க் குழாய், மழைக்காலத்தில் மேலேறும் நிலத்தடி நீர், நடுத்தடுப்புச் செடிகளுக்கு லாரியில் ஊற்றும் தண்ணீர் என எல்லாமே அடியிலிருந்து ஊறுகின்றன. சென்னையின் பல பகுதிகளில் அடியில் இருப்பது களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் குழம்பு. அடியில் மண் இளகிவிட்டால், மேலே எத்தனை விலை உயர்ந்த கலவை போட்டாலும் முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக விரிசல் விடும். நம் சாலைகளின் கனத்தை வடிவமைக்கும்போதே, மண்ணை நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பலம் பார்க்கும் வழக்கம் இருப்பது இதற்காகத்தான்.

பிறகு இருக்கவே இருக்கிறது தோண்டல். குடிநீர் வாரியம், மின்வாரியம், இணைய கேபிள் நிறுவனங்கள் என்று வரிசையாக வெட்டுகிறார்கள். வெட்டிய பள்ளத்தில் அதே மண்ணைத் தள்ளி, மேலே கொஞ்சம் ஜல்லி போட்டு மூடினால், அந்தக் கோடு நெடுகத் தண்ணீர் இறங்கும் வாய்க்கால் ஒன்று தயார். மழைக்காலத்தில் வெட்டுவதற்குத் தடை விதிப்பது நல்லதே. ஆனால் ஆகஸ்ட்டில் வெட்டி அரைகுறையாக மூடிய பள்ளம், நவம்பரில் வெட்டியதைவிட எந்த வகையிலும் மேலானது அல்ல.

ஒட்டுப் போட்ட குழி ஏன் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை?

மழைக்கு நடுவே குழியில் ஜல்லியும் கல்தூளும் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக் கோபப்படாதவர்கள் குறைவு. நியாயமான கோபம்தான். ஆனாலும் அந்த இடத்தில் நிற்கும் பொறியாளரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். குழியை விட்டுவைத்தால் யாராவது விழுந்து உயிர் போகும். மூடினால் நிலைக்காது என்று அவருக்கே தெரியும். அது உயிரைக் காப்பாற்றும் தற்காலிக வேலை, சாலையைக் காப்பாற்றும் வேலை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கணக்குக் காட்டுவதில்தான் குழப்பம் வருகிறது.

முறையான ஒட்டு எப்படி இருக்கும்? குழியைச் சுற்றி உறுதியான இடம் வரும்வரை சதுரமாக வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக ஆக்க வேண்டும். உள்ளே இருக்கும் தளர்ந்த ஜல்லி, சேறு, தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக் காயவைக்க வேண்டும். அடியிலும் ஓரங்களிலும் தார்க்குழம்பு தடவி, கலவையை நிரப்பி, சாலை மட்டத்துக்கு இறுக்க வேண்டும். வட்டமான குழியை வட்டமாகவே நிரப்பினால் ஓரத்தில் மெல்லிய விளிம்பு விழும். அதுதான் முதலில் உதிரும். ஈரமான குழிகளுக்கென்றே பையில் வரும் ஆயத்தக் குளிர் கலவைகளும் உண்டு. 2014லேயே இதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. விலை கூடுதல்தான். ஒரே குழியை ஒரு பருவத்தில் நாலு தடவை மூடும் செலவோடு ஒப்பிட்டால் கூடுதல் என்று சொல்ல முடியாது.

சுண்ணாம்பு, பிளாஸ்டிக், கான்கிரீட்

தார் கழலாமல் இருக்க மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. மிகப் பழையதும் மலிவானதும் நீற்றிய சுண்ணாம்பு. ஜல்லியின் எடையில் 1 முதல் 2 சதவீதம், கல்தூளுக்குப் பதிலாகச் சேர்த்தால் போதும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம், தாரில் இருக்கும் அமிலப் பொருட்களோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிடிப்பை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் 1970களிலிருந்தே பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கல்லில் தார் சரியாக நிலைக்கவில்லை என்றால் 2 சதவீதம் சுண்ணாம்பு சேர்க்கலாம் என்று நம் விதிமுறையிலேயே இடம் உண்டு. இது தவிர, தாரிலேயே சிறிதளவு கலக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் பங்களிப்பு ஒன்று உண்டு. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா.வாசுதேவன், துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவும் முறையை 2000களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பிளாஸ்டிக் உருகிக் கல்லின் மேல் தோலாகப் படிகிறது. அதன் மேல் தார் நன்றாக ஒட்டுகிறது, தண்ணீர் கல்லைத் தொட வழி குறைகிறது. தார்ச் செலவும் கொஞ்சம் மிச்சம். 2015ல் மத்திய அரசு பெரு நகரங்களைச் சுற்றி 50 கி.மீ. வரை தார்ச்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தச் சொன்னது. 2018ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். பி.வி.சி. வகையைச் சேர்க்கக் கூடாது, சாலை தேயும்போது நுண்பிளாஸ்டிக் வெளியேறுமா என்று கவனிக்க வேண்டும் என்பவை தனி விவாதம். ஆனால் ‘பிளாஸ்டிக் சாலை’ என்று பலகை வைத்துவிட்டு, ஆறிய கலவையை உருட்டினால் எந்தப் பேராசிரியரின் கண்டுபிடிப்பும் காப்பாற்றாது.

‘பேசாம கான்கிரீட் ரோடாப் போட்டுட்டா?’ என்ற கேள்வியும் அடிக்கடி வரும். மும்பை மாநகராட்சி அந்த வழியில்தான் போகிறது. தண்ணீர் கான்கிரீட்டை இவ்வளவு எளிதில் கெடுக்காது என்பது உண்மை. முதல் செலவு அதிகம், சாலையில் போக்குவரத்தை நீண்ட நாள் நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு குழாய் உடைந்தால் கான்கிரீட்டை வெட்டி மறுபடி ஒட்டுவது பெரும்பாடு. குழாய்களையும் கேபிள்களையும் முதலில் ஓரத்துக்குக் கொண்டுபோகாமல் கான்கிரீட் போடுவது, பீரோவைச் சுவரோடு வைத்துப் பூசியதற்குச் சமம். என் கணிப்பில், பஸ் நிறுத்தம், சந்திப்பு, சுரங்கப்பாதை போன்ற தண்ணீரும் பிரேக்கும் ஒன்றாகச் சேரும் இடங்களுக்குக் கான்கிரீட் பொருந்தும். தெருக்களுக்கு நல்ல தாரே போதும்.

நல்ல தார்ச்சாலை என்று ஒன்று நம் நாட்டில் சாத்தியமா என்று சந்தேகம் இருந்தால், புனேயின் ஜங்லி மகாராஜ் சாலையைச் சொல்வார்கள். 1970களில் 10 ஆண்டு உத்தரவாதத்தோடு போட்ட தார்ச்சாலை. உத்தரவாதம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் குழி விழாததற்காகவே பேசப்பட்டது. புனேயிலும் மழை பெய்யத்தான் செய்கிறது.

யாரிடம் எதைக் கேட்பது?

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் சுமார் 387 கி.மீ. பேருந்து வழித்தடச் சாலைகளும் 5,000 கி.மீ.க்கு மேல் உட்புறத் தெருக்களும் இருக்கின்றன. இதுபோக நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் தனி. இவற்றைப் போடும் ஒப்பந்தங்களில் ‘குறைபாட்டுப் பொறுப்புக் காலம்’ என்று ஒன்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்டவரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது விதி. கிராமத்துச் சாலை ஓரத்தில் நிற்கும் அந்தத் திட்டத்தின் பலகையில் ஒப்பந்ததாரர் பெயரும் பராமரிப்புக் காலமும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகரத்துத் தெருமுனையில் அப்படி ஒரு பலகையைப் பார்ப்பது அபூர்வம்.

நீதிமன்றங்களும் இப்போது பொறுமை இழந்திருக்கின்றன. சாலைக் குழியால் இறப்பவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தவருக்கு 50 ஆயிரம் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் பாம்பே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. மகாராஷ்டிரத்துக்கு உரிய உத்தரவுதான். ஆனாலும் ‘மழை சார்’ என்ற பதிலை ஒரு நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது மற்ற மாநிலங்களுக்கும் சேதிதான்.

ஒரு சாலைக்குப் பொறுப்பு யார் என்று நிரூபிக்க, அது எப்படிப் போடப்பட்டது என்ற பதிவு வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. முன்னே சொன்ன 80 சதவீதச் சோதனையின் முடிவு, கலவை வந்து இறங்கியபோது இருந்த வெப்பநிலை, போட்ட பிறகு சாலையில் துளைத்து எடுக்கும் உருளை வடிவக் கல்லின் காற்று இடைவெளி ஆகிய மூன்று எண்களும் ஒவ்வொரு பணியிலும் எடுக்கப்பட வேண்டியவை. எடுத்திருந்தால் கோப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். மாநகராட்சி தன் இணையதளத்தில் தெருவாரியாக ஏற்றிவிட்டால் அந்தப் பத்து ரூபாயும் மிச்சம்.

உங்கள் தெருவில் சாலை போடும் இரவில் விழித்திருக்க நேர்ந்தால் இன்னும் சுலபமாகச் சில விஷயங்களைப் பார்க்கலாம். டிப்பர் தார்ப்பாய் போட்டு வந்ததா? அடியில் ஈரமோ தேங்கிய தண்ணீரோ இருந்ததா? பழைய பரப்பைக் கூட்டிப் பெருக்கித் தார்க்குழம்பு தெளித்தார்களா? கலவையைப் பரப்பிய கையோடு ரோலர் வந்ததா, ஒரு மணி நேரம் கழித்து வந்ததா? மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரை நடுச்சாலையில் ஊற்றிப் பாருங்கள். அது ஓரத்துக்கு ஓட வேண்டும், ஓரத்திலிருந்து வடிகால் வாய்க்குப் போக வேண்டும். ஊற்றிய இடத்திலேயே நின்றால், ஒப்பந்ததாரர் ரோலரை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் வார்டு பொறியாளருக்குப் போன் போடுவது நல்லது. ஐப்பசி வந்த பிறகு போட்டால், அவராலும் ஒட்டுப் போடத்தான் முடியும்.